இருபத்து நான்கு கதவுகள்: மின்கையேட்டில் வழி தேடும் ஆசிரியர்



ஃபேரர் பார்க் விரைவு ரயில் நிலையத்திலிருந்து சற்று நடந்தால் பீட்டி சாலை வரும். அங்கே உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. 1946-இல் தொடங்கி 1982-இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியின் பெயரைத் தாங்கி நிற்கும் நிலையம் அது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கு வந்து தமிழ் படிக்கிறார்கள். பல பள்ளிச் சீருடைகளை ஒரே வாசலில் பார்க்கலாம். ஆசிரியர்களும் பயிலரங்குகளுக்காக அங்கு வருவதுண்டு.

ஒரு மாலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். தொடக்கக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் பயிலரங்கு முடிந்து, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் காலை அவருக்கு வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு. எழுதச் சொன்னால் ஓரளவு எழுதுகிற மாணவர்கள், பேசச் சொன்னால் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். "ஆமாம்", "இல்லை", "தெரியவில்லை". இதற்கு என்ன செய்வது? பயிலரங்கில் ஒரு மின்கையேட்டைப் பற்றிச் சொன்னார்கள். கேட்டதெல்லாம் அதில் கிடைக்கும் என்றார்கள். ஆசிரியை அதைத் திறக்கிறார்.

முக்கால் மணி நேரம் ஆகிறது. தேநீர் ஆறிவிட்டது. பதினெட்டுப் பக்கங்கள் திறந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் பயனுள்ள பக்கந்தான். ஆனால் நாளைக் காலை வகுப்புக்கு என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

இந்த ஆசிரியை கற்பனைப் பாத்திரம். அவருடைய முக்கால் மணி நேரம் கற்பனையன்று. சிங்கப்பூரிலும் சென்னையிலும் கொழும்பிலும் ஆசிரியர்கள் அன்றாடம் இழக்கும் நேரம் அது. கையில் கொடுக்கப்பட்ட மின்கையேட்டில் எப்படி வழி கண்டுபிடிப்பது என்பதே இன்றைய உரையின் பொருள்.

கையேடு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது?

சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கு நன்கு அறிமுகமான ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். கல்வி அமைச்சு உருவாக்கிய 'சிங்கப்பூர்க் கற்பித்தல் நடைமுறை' என்னும் இணையத் தொகுப்பு அது. நல்ல கற்பித்தல் என்றால் என்ன என்பதைத் தொடக்கப்பள்ளி முதல் தொடக்கக் கல்லூரி வரையுள்ள ஆசிரியர்களுக்கு அது எடுத்துச் சொல்கிறது.

அதன் அமைப்பு ஒரு மரத்தைப் போன்றது. கற்பித்தல் பணி நான்கு பெரிய கிளைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வகுப்பறையில் நல்ல சூழலை ஏற்படுத்துவது முதற்கிளை. பாடத்தைத் திட்டமிடுவது இரண்டாவது. பாடத்தை நடத்துவது மூன்றாவது. மதிப்பிட்டுக் கருத்துச் சொல்வது நான்காவது. இந்த நான்கிலிருந்தும் மொத்தம் 24 கற்பித்தல் துறைகள் பிரிகின்றன. ஒவ்வொரு துறைக்குள்ளும் வகுப்பில் செய்யக்கூடிய குறிப்பான செயல்கள் இருக்கின்றன.

கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. நான்கு கிளை, 24 கதவு, கதவுக்குப் பின்னால் செயல்கள். அப்படியென்றால் ஆசிரியை ஏன் வழி தவறினார்?

காரணம், மரத்தை வரைந்தவர் மேலிருந்து பார்க்கிறார். ஆசிரியை கீழே வகுப்பறையில் நின்றுகொண்டு பார்க்கிறார். அவரிடம் இருப்பது 'பாடம் நடத்துதல்' என்ற தலைப்பன்று. "என் பிள்ளைகள் ஏன் பேச மாட்டேன் என்கிறார்கள்?" என்ற கேள்வி. அந்தக் கேள்வி வகுப்பறைச் சூழலைச் சேர்ந்ததா, திட்டமிடலைச் சேர்ந்ததா, கேள்வி கேட்கும் முறையைச் சேர்ந்ததா? மூன்றையுமே சேர்ந்தது என்று சொல்லலாம். ஆகவே மூன்று கதவுகளையும் தட்டுகிறார். ஒவ்வொரு கதவும் வேறு மூன்று கதவுகளைக் காட்டுகிறது.

அச்சுக் கையேட்டில் இந்தத் தொல்லை குறைவு. எவ்வளவு படித்தோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை இடக்கையும் வலக்கையும் தாமே சொல்லிவிடும். மேல் மூலையில் பார்த்த படம், காப்பிக் கறை பட்ட பக்கம், மூத்த ஆசிரியர் பென்சிலால் கோடிட்ட வரி என்று நினைவுக்குப் பல பிடிகள் உண்டு. திரைக்குத் தடிமன் கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே கண்ணாடியில் வந்து போகின்றன.

தொலைந்து போவது புதிய நோயா?

அறிவைப் பக்க வரிசையாக அடுக்காமல், எண்ணம் தாவுவதுபோல் தாவித் தாவிப் போகும்படி இணைக்கலாம் என்ற கனவு பழையது. அமெரிக்கப் பொறியியலறிஞர் வன்னெவர் புஷ் 1945-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அப்படியொரு மேசைக் கருவியைக் கற்பனை செய்தார். அப்படித் தாவும் எழுத்துக்கு 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற பெயரை 1965-இல் அச்சில் கொண்டுவந்தவர் டெட் நெல்சன். தமிழில் அதை மீயுரை என்கிறார்கள். 1989-இல் டிம் பெர்னர்ஸ் லீ முன்வைத்த திட்டம் வையவிரிவு வலையாக வளர்ந்தது.

வலை பொதுமக்கள் கைக்கு வருவதற்கு முன்பே, 1987-இல், ஜெஃப் காங்க்ளின் என்ற ஆய்வாளர் இரண்டு ஆபத்துகளைச் சுட்டிக்காட்டினார். ஒன்று, எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் திசை தடுமாறுவது. மற்றொன்று, எந்த இணைப்பைச் சொடுக்குவது என்று ஒவ்வோர் அடியிலும் முடிவு செய்ய வேண்டியிருப்பதால் மூளைக்கு ஏற்படும் கூடுதல் சுமை. தேநீர்க் கடையில் ஆசிரியைக்கு நேர்ந்தவை இந்த இரண்டுமே. ஆகவே தமக்குக் கணினி வராது என்று அவர் தம்மைத் தாமே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

1990களில் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்டு என்ற இரு ஆய்வாளர்கள் வேறொரு கோணத்தில் பார்த்தார்கள். இரை தேடும் விலங்கு வாசனையைப் பிடித்துக்கொண்டு போகிறது. வாசனை வலுத்தால் தொடரும், மங்கினால் வேறு திசைக்குத் திரும்பும். தகவல் தேடும் மனிதரும் அப்படித்தான் என்றார்கள். இணைப்பின் மேல் எழுதியிருக்கும் இரண்டு மூன்று சொற்களே அந்த வாசனை. 'கற்போரின் ஈடுபாட்டை ஊக்குவித்தல்' என்ற தலைப்பில் வாசனை குறைவு. பேசாத பிள்ளையைப் பேச வைப்பது எப்படி என்று எழுதியிருந்தால், எந்த ஆசிரியரும் அந்தக் கதவைத் தவறவிட மாட்டார்.

எப்படி நுழைவது, எப்படி வெளியே வருவது?

கையேட்டைத் திருத்தி எழுதுவது ஆசிரியையின் கையில் இல்லை. அதைப் பயன்படுத்தும் முறை அவர் கையில் இருக்கிறது. நான்கு பழக்கங்கள் உதவும்.

முதலாவது, திரையைத் திறப்பதற்கு முன் கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்வது. அதுவும் ஒரே வரியில், சொந்தச் சொற்களில். "நாளை பத்து மணி வகுப்பில், படத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால், மாணவர்கள் ஒரு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை." எழுதி முடித்த தாள் கணினிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பதினெட்டாவது பக்கத்தில் தடுமாறும்போது, எதற்காக வந்தோம் என்பதை அந்தத் தாள் நினைவூட்டும்.

இரண்டாவது, அந்தக் கேள்வியைக் கையேட்டின் சொல்லுக்கு மாற்றிக்கொள்வது. 'பேசவில்லை' என்று தேடினால் கையேடு விழிக்கும். ஏனென்றால் அது பிள்ளைகளின் குறையை வைத்து அடுக்கப்படவில்லை. ஆசிரியரின் செயலை வைத்து அடுக்கப்பட்டிருக்கிறது. எனவே "இதில் என் பங்கு என்ன?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பேசவில்லை என்றால், ஆசிரியர் கேள்வி கேட்கிறார் என்று பொருள். அப்படியானால் கதவு, கேள்விகளின் வழியே கற்றலை ஆழப்படுத்துதல் என்ற துறை. பழைய அகராதியில் 'வந்தான்' என்ற சொல்லைத் தேட வேண்டுமானால் 'வா' என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதே பயிற்சிதான் இதுவும்.

மூன்றாவது, ஒரே ஒரு செயலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவது. துறைக்குள் போனபின் முதலில் பொருந்துவதாகப் படும் செயலை முழுமையாகப் படிக்க வேண்டும். பக்கத்தில் கண்சிமிட்டும் இணைப்புகளை அன்றைக்கு விட்டுவிடலாம். அவை ஓடிவிடமாட்டா.

நான்காவது, வகுப்பு முடிந்ததும் திரும்பி வருவது. என்ன செய்தோம், என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி, அந்தப் பக்கத்தின் பெயரோடு சேர்த்து வைப்பது. ஊடாடும் கையேடு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் காணொளி ஓடுவது மட்டும் ஊடாட்டம் ஆகிவிடாது. கையேடு சொன்னதை வகுப்பு சோதித்து, வகுப்பு சொன்னதை ஆசிரியர் கையேட்டின் ஓரத்தில் குறித்துவைக்கும்போதுதான் அது முழுமை பெறுகிறது.

மூன்று விநாடிப் பொறுமை

இந்த வழியில் போனால் ஆசிரியைக்கு என்ன கிடைக்கும்? கேள்வி கேட்பதைப் பற்றிய எந்த நல்ல கையேட்டிலும் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு. கேள்வி கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும் என்பதே அது.

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே பொறுத்திருந்தார்கள். பதில் வராவிட்டால் தாங்களே சொன்னார்கள், அல்லது வேறொரு பிள்ளையிடம் போனார்கள். அந்த ஒரு விநாடியை மூன்று விநாடியாக்கியபோது, மாணவர்களின் பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மாணவர்கள் தாங்களாகவே கேள்வி கேட்பதும் கூடியது. செலவில்லாத மருந்து. ஆனால் வகுப்பில் மூன்று விநாடி மௌனம் எவ்வளவு நீளமானது என்பது நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

தமிழ் வகுப்பில் இந்த மூன்று விநாடிக்குக் கூடுதல் மதிப்பு இருக்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசினார்கள். 2020-இல் அது 48.3 விழுக்காடாக உயர்ந்தது. அதே பத்தாண்டில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தனர். ஆசிரியையின் எதிரே அமர்ந்திருக்கும் மாணவர், கேள்வியைத் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் யோசித்து, மறுபடி தமிழுக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம். ஒரு விநாடியில் அந்தப் பயணம் முடியாது.

இன்னொரு தடையும் உண்டு. மாணவர் வீட்டில் கேட்கும் தமிழ் 'போறேன், வர்றேன்' என்றிருக்கிறது. பாடநூலில் படிக்கும் தமிழ் 'போகிறேன், வருகிறேன்' என்கிறது. தேர்வில் எதைப் பேசுவது என்ற குழப்பத்திலேயே வாய் மூடிக்கொள்கிறது. தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு, 2005-இல் இதற்கு விடை சொன்னது. தரமான பேச்சுத் தமிழை வகுப்பறையில் வளர்க்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காத்திருத்தல் என்ற செய்தி, எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான கையேட்டில் கிடைக்கும். இரண்டு தமிழுக்கு இடையில் மாணவர் மாட்டிக்கொள்ளும் செய்தி அங்கே கிடைக்காது. அது தமிழாசிரியர்களின் அறிக்கையிலும் அனுபவத்திலும் இருக்கிறது. எவ்வளவு நேரம் தேடினாலும் ஒரு கையேட்டில் இல்லாததை அந்தக் கையேட்டில் கண்டுபிடிக்க முடியாது. தேடுவதை எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்வதும் வழி காணும் கலையில் சேர்ந்ததுதான்.

பாயிரம் இல்லாத நூல்

தமிழுக்கு ஆசிரியர் கையேடு புதிதா என்றால், இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இலக்கண நூல் என்றுதான் பலரும் அறிவார்கள். எழுத்துக்கும் சொல்லுக்கும் போவதற்கு முன், அதன் பாயிரம் ஐந்து பொருள்களைப் பேசுகிறது. நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், பாடம் எப்படிச் சொல்ல வேண்டும், மாணவர் எப்படி இருக்க வேண்டும், பாடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பன அவை. அமைச்சின் கையேட்டில் நான்கு கிளை என்றால், பவணந்தியாரிடம் ஐந்து.

அதே பாயிரத்தில் வழிகாட்டும் பாடம் ஒன்றும் இருக்கிறது. எந்த நூலைத் திறந்தாலும் அதன் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளை முதலிலேயே தெரிவிக்க வேண்டுமாம். நூலை ஆக்கியவர் யார், எந்த வழியில் வந்தது, அது வழங்கும் எல்லை எது, நூலின் பெயர் என்ன, எப்படித் தொகுக்கப்பட்டிருக்கிறது, எதைப் பற்றிப் பேசுகிறது, யாருக்காக, என்ன பயன் என்பவை அந்த எட்டு.

இன்றைய மின்கையேடு ஒன்றின் முகப்புப் பக்கத்தை இந்த எட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் பெரிதாக இருக்கும். பயனும் இருக்கும். ஆனால் இது தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கா, தொடக்கக் கல்லூரி ஆசிரியருக்கா, பல்கலைக்கழக விரிவுரையாளருக்கா? இதில் சொல்லியிருப்பது ஆய்வில் கண்டதா, அனுபவத்தில் கண்டதா? இதன் எல்லை எதுவரை? பல நேரங்களில் இவற்றுக்கு விடையைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. புதிய கையேடு எதைத் திறந்தாலும் முதல் ஐந்து நிமிடத்தை இந்த எட்டுக் கேள்விகளுக்கு ஒதுக்குவது நல்ல பழக்கம். யாருக்காக, எதுவரை என்ற இரண்டுக்கு மட்டும் விடை கிடைத்தால்கூடப் பாதி அலைச்சல் மிச்சம்.

எழுத்துருவில் சிக்கிய பாடங்கள்

சிங்கப்பூர்த் தமிழாசிரியர்கள் மின்வழிக் கல்விக்குப் பிந்தி வந்தவர்கள் அல்லர். தேசிய கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்து ஆசிரியர்களை உருவாக்கிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய திட்டத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தபோது, அதில் தமிழும் இடம்பெற்றதற்கு அவருடைய உழைப்பு காரணம். 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடக்கவும் அவர் முன்னின்றார். 1999-இல் காலமானார்.

அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் தமிழில் தட்டச்சுச் செய்வதே பெரும்பாடு. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு குறியாக்கம். ஒருவர் கணினியில் 'அ' என்று தெரிவது, அந்த எழுத்துரு இல்லாத வேறொருவர் கணினியில் ஏதோ ஓர் ஆங்கிலக் குறியாகத் தெரியும். இரவெல்லாம் கண்விழித்துத் தயாரித்த பயிற்சித்தாள், மறுநாள் பள்ளிக் கணினியில் கொக்கியும் கோடுமாக வந்து நின்ற அனுபவம் அன்றைய ஆசிரியர்களுக்குப் பழக்கமானது. 1999-இல் சென்னை மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு விசைப்பலகைக்கும் குறியாக்கத்துக்கும் தரம் அறிவித்தது. 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. இன்று ஃபேரர் பார்க்கில் தட்டிய எழுத்து யாழ்ப்பாணத்திலும் அதே எழுத்தாகத் தெரிகிறது.

ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட பாடங்கள்? மாற்றி எடுத்தவை பிழைத்தன. மற்றவை எத்தனையோ பழைய வட்டுகளில் படிக்க முடியாமல் கிடக்கின்றன. ஓலைச்சுவடியைச் செல்லரித்தது என்று வருந்துகிறோம். இவற்றைச் செல்லும் அரிக்கவில்லை. திறக்கும் சாவிதான் தொலைந்தது.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 1998-இல் சொந்தமாக ஒரு மின்கற்றல் தளத்தை உருவாக்கியது. இருபது ஆண்டு கழித்து அதன் இடத்துக்கு 'லூமிநஸ்' வந்தது. சில ஆண்டுகளிலேயே அதுவும் போய் 'கேன்வஸ்' வந்தது. பள்ளிகளுக்கு 2018 முதல் மாணவர் கற்றல் தளம் இருக்கிறது. தளங்கள் மாறுவது தவிர்க்க முடியாதது, பல சமயம் நல்லதும்கூட. மாற்றத்தின்போது கோப்புகளை எடுத்துச் செல்ல முடிகிறது. கோப்புக்குப் பக்கத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்பும், மாணவர் கேட்ட கேள்வியும், 'இந்தப் பயிற்சி சென்ற ஆண்டு எடுபடவில்லை' என்ற எச்சரிக்கையும் எப்போதும் கூடவே வருவதில்லை.

எனவே ஐந்தாவது பழக்கம் ஒன்றும் வேண்டும். தளத்துக்குள் எழுதும் சொந்தக் குறிப்புகளின் படி ஒன்றைத் தளத்துக்கு வெளியேயும், எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய கோப்பாக, வைத்துக்கொள்வது. தாளில் எழுதினாலும் சரி. கையேடு நிறுவனத்துக்குச் சொந்தம். ஓரக்குறிப்பு ஆசிரியருக்குச் சொந்தம்.

அந்த ஏப்ரல் மாதம்

வழி தெரிந்திருப்பதன் அருமை 2020 ஏப்ரலில் புரிந்தது. கொவிட்-19 பரவியபோது, ஏப்ரல் 8 முதல் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. அதுவரை மாணவர் கற்றல் தளத்தை எப்போதாவது எட்டிப் பார்த்த ஆசிரியர்களும், ஒரே வாரத்தில் அதிலேயே குடியிருக்க வேண்டியதாயிற்று. அறிவுரைகளுக்கு அப்போது குறைவே இல்லை. கையேடு, காணொளி, இணையவழிப் பயிலரங்கு, வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பு என்று மழையாய்ப் பொழிந்தன. அவற்றுள் எதை இன்று படிப்பது, எதை விடுவது என்று சொல்ல ஆள்தான் தேவைப்பட்டது.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. மாணவர் கற்றல் தளத்திலேயே பாடம் அமைக்கவும் பதில்களுக்குக் கருத்துச் சொல்லவும் அத்தகைய துணைக்கருவிகள் சேர்ந்துள்ளன. இனி 24 கதவுகளைத் தட்ட வேண்டாம், கேள்வியைக் கேட்டால் பதில் வரும் என்கிறார்கள். அலைச்சல் குறையும் என்பது உண்மை. ஆனால் கேட்டவுடன் வரும் பதிலுக்கும் பாயிரம் வேண்டும். இது எந்த வழியில் வந்தது, யாருக்காகச் சொன்னது, எதுவரை பொருந்தும் என்று கேட்கும் கடமை ஆசிரியரிடமே இருக்கிறது. ஈசூனில் ஒரு மாணவி தமிழில் பேசக் கூச்சப்படுவதற்கு என்ன காரணம் என்பது, அவள் முகத்தைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

மீண்டும் தேநீர்க் கடைக்கு

ஆசிரியை இன்னும் அங்கேதான் இருக்கிறார். பயிலரங்குக்கு வந்த மூத்த ஆசிரியர் ஒருவர், வீட்டுக்குப் போகும் வழியில் அவரைப் பார்த்துவிட்டு நிற்கிறார்.

"என்னம்மா, இன்னும் கிளம்பலையா?"

"நாளைக்கு வாய்மொழிப் பயிற்சி ஐயா. பிள்ளைங்க பேசவே மாட்டேங்குதுங்க. இதுல தேடிக்கிட்டு இருக்கேன்."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார். பதினெட்டுப் பக்கங்களையும் ஒவ்வொன்றாக மூடச் சொல்கிறார். ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. கேள்வி கேட்பதைப் பற்றிய பக்கம்.

"இதை மட்டும் படிம்மா. அப்புறம் ஒண்ணு. கேள்வி கேட்டுட்டு, மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணு. வீட்டுல பேசுற மாதிரி பேசலாம்னு முதல்லயே சொல்லிடு. திருத்தறதை அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் சொன்ன முதல் யோசனை கையேட்டில் இருந்தது. இரண்டாவது யோசனை அதில் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் மறுநாள் வகுப்பு.

இதை வைத்து, கையேடு வேண்டாம், பெரியவர் போதும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லாக் கல்லூரியிலும் அப்படி ஒரு மூத்தவர் இருப்பதில்லை. சில இடங்களில் தமிழாசிரியர் ஒருவரே தனியாக இருப்பார். அவருக்கு இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும் கையேடு பெரிய துணை. அவசரமின்றி, அலுக்காமல், கேட்டதையே திரும்பக் கேட்டாலும் கோபிக்காமல் அது காத்திருக்கும். அதனால்தான் அதில் வழி தவறாமல் நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை உருவாக்குவோரும், வகுப்பறையிலிருந்து கேட்கும் குரலில் கதவுகளுக்குப் பெயர் சூட்ட வேண்டியிருக்கிறது.

பெற்றோராக இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்று இரவு சாப்பாட்டு மேசையில் பிள்ளையிடம் தமிழில் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலை நீங்களே சொல்லிவிடாமல், ஆங்கிலத்துக்கு மாறிவிடாமல், மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். ஆசிரியையின் நாளைய வகுப்பு அங்கேயே தொடங்கிவிடும்.